ஏதாவது வை

நெல் தரகர் இராஜாங்கத்தின் வீட்டில் தனக்கு என்ன வேண்டும் என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் நஷ்டம் என்பது அந்த வீட்டின் கொள்கை.

இராஜாங்கத்தின் அப்பா சாகும்போது மகனுக்கு விட்டுப்போனது ஒரு ரைஸ் மில், ஒரு புத்திமதி. மில்லின் பெல்ட் வருஷத்துக்கு இரண்டு தடவை அறுந்தது. புத்திமதி அறுந்ததே இல்லை. 'விலையை எவன் முதலில் சொல்கிறானோ அவன் தோற்றான்.' விற்கிறவன் முதலில் சொன்னால், குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்குத் தூக்கம் போகும். வாங்குகிறவன் முதலில் சொன்னால், கூட்டிச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்கும் போகும். இராஜாங்கம் நன்றாகத் தூங்குகிறவர். களத்து மேட்டில் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து அமுக்கியே மூட்டை மூட்டையாக வியாபாரம் முடித்துவிடுவார். வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தவிர வேறு எதுவும் வெளியே வராது.

களத்து மேட்டுக்கு இது சரி. அடுப்படிக்கு ஆகுமா?

"ஏங்க, இன்னைக்கு என்ன வைக்கட்டும்?"

"ஏதாவது வை."

கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து அம்சம் இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'ஏதாவது' என்கிற காய் எந்தச் சந்தையிலும் வருவதில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவருக்கு ஏறவில்லை. சரி என்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால், இலையில் உட்கார்ந்ததும், "கத்தரிக்காயா?" என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே மனுஷனுக்கு அன்றைக்கு வாழைக்காய் வேண்டியிருந்தது என்று தெரிந்துபோகும். மறுநாள் வாழைக்காய் வறுத்தால், "வாழைக்காயா?" சரக்கைக் கண்டதும் முகத்தைச் சுளித்தால் விலை இறங்கும் என்பது அவர் படித்த பாடம். குழம்பு எங்கே போய் இறங்கும்?

மகள் ஜெயா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைக் கேட்டால், "எதுவா இருந்தாலும் ஓகேம்மா" என்பாள். அப்பா சரக்கேதான், மேலே இங்கிலீஷ் லேபிள் ஒட்டியிருந்தது.

அது அறுபத்தொன்பதாம் வருஷம், புரட்டாசி மாதம், சனிக்கிழமை. காலையிலேயே இராஜாங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையோடு அவர் அடுப்படிப் பக்கம் வந்தால் விருந்தாளி வருகிறார்கள் என்று அர்த்தம்.

"மத்தியானம் நம்ம வீட்டுலதான் பேச்சுவார்த்தை. வைரக்கண்ணு மிராசு வர்றாரு. காத்தானும் வர்றான். சாப்பாடும் போட்டுடு."

"என்னத்தைப் போட?"

"ஏதாவது."

அவர் போய்விட்டார். அம்சம் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். எறிந்திருப்பாள், பித்தளைக் கரண்டி, நசுங்கிவிடும்.

பேச்சுவார்த்தை என்னவென்றால், கூலிச் சண்டைதான். ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொடிக்கம்பத்தில் கொடி மாறிற்று, பஸ்ஸில் திருக்குறள் வந்தது. ஒரு கலம் நெல் அறுத்து அடித்துக் கொடுத்தால் கூலி எத்தனை படி என்கிற சண்டை மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. இந்தக் குறுவைக்குக் கலத்துக்கு ஒரு படி கூட்டித் தா என்றது விவசாயத் தொழிலாளர் சங்கம். அதற்குத் தலைவன் காத்தான். ஒரு மணிகூடக் கூட்ட முடியாது என்றார்கள் மிராசுதார்கள். அவர்களுக்குத் தலைவர் வைரக்கண்ணு. முற்றிய கதிர் வயலில் நிற்க, அரிவாள் எல்லாம் கூரையில் செருகிக் கிடந்தது. கடைசியில் அரைப் படியில்தான் முடியும் என்பது ஊரில் எருமைக்குக்கூடத் தெரியும். ஆனால் 'அரை' என்று முதலில் யார் சொல்வது? எருமையா வந்து சொல்லும்?

அம்சத்துக்கு இதில் மற்றவர்களைவிட எரிச்சல் அதிகம். வெட்டாற்றுக்குத் தெற்கே மூன்று மா நிலம் அவள் பேரில் இருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது அவள் அப்பா இந்த ஊரிலேயே வாங்கிக் கொடுத்த மஞ்சள்காணி. அதில் என்ன விதை, எப்போது நடவு, யாருக்கு விற்பது என்று அவள்தான் முடிவு செய்வாள். 'ஏதாவது விதை' என்று யாரும் சொல்ல முடியாத இடம் உலகத்திலேயே அவளுக்கு அது ஒன்றுதான். அந்த மூன்று மாவில் இப்போது கதிர் முற்றி, பாதி சாய்ந்து, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மேலே ஒரு மழை விழுந்தால் கதிரிலேயே முளை கட்டிவிடும். முளைத்த நெல்லைக் கோழியும் யோசித்துத்தான் தின்னும்.

போன வாரம் அவளே காத்தானிடம் போய், "நீ கேக்குற ஒரு படி நான் தர்றேன். என் வயலை மட்டும் அறுத்துக் குடு" என்றாள்.

"ஒரு வயல் அறுத்தா சங்கம் அறுந்துரும் ஆச்சி" என்றான் அவன்.

வைரக்கண்ணு காதுக்கு விஷயம் போய், அவரும் ஆள் அனுப்பிவிட்டார்: "தனியாக் கூட்டிக் குடுத்து ஊர் வழக்கத்தைக் கெடுக்காதே தாயி."

அடிதடியில் இறங்க மாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். இரண்டு பேரும் மரியாதையாகவே அவள் நெல்லை அழுகவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, திருச்சி ரேடியோவுல சொன்னான். சாயங்காலத்துக்கு மேல பலத்த மழையாம்" என்றாள் ஜெயா, கையில் வாரப் பத்திரிகையோடு.

"அதுல சமையல் ஏதாவது போட்டிருக்கானா பாரு."

ஜெயா புரட்டினாள். "பத்து நிமிஷத்தில் பட்டாணி புலவு. முதலில் பச்சைப் பட்டாணி கால் கிலோ..."

"பட்டாணிக்கு மாயவரம் போகணும். அடுத்தது?"

"அன்னாசிப்பழப் பச்சடி."

"மூடி வை."

அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தாள். பரங்கிக்காய்ப் பத்தை ஒன்று. முருங்கைக்கீரை கொல்லையில் நிற்கிறது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களுக்குக் கீரையைப் போட்டால், 'கீரைக்குத்தான் நாம் பெறுவோமா' என்று இரண்டு பேருமே எண்ணுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையானதால் கவுச்சி கிடையாது. வைரக்கண்ணு மனைவி மங்களாம்பிகையிடம் ஜெயாவை அனுப்பிக் கேட்டாள், அவருக்கு என்ன பிடிக்கும் என்று. 'அவரா, எது வச்சாலும் சாப்பிடுவாரு. கத்தரிக்காய் மட்டும் ஆகாது, புளி ஏறினா நெஞ்செரிச்சல், வெண்டைக்காய் வழவழன்னு இருக்கும்பாரு, அவரைக்காய்னா கண்ணெடுத்தே பாக்க மாட்டாரு' என்று பதில் வந்தது. காத்தான் மனைவி தங்கம்மாள், 'அதுக்கென்ன ஆச்சி, சோறுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்' என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு பதில் எல்லாக் காயையும் தள்ளிவிட்டது, இன்னொன்று ஒரு காயையும் சொல்லவில்லை.

கடைசியில் அம்சம் துவரம் பருப்பையும் கடலைப் பருப்பையும் சேர்த்து ஊறப் போட்டாள். ஊறின பருப்பு எதற்கும் ஆகும். அடையாகவும் போகும், வடையாகவும் போகும், வேகவைத்தால் சாம்பாருக்கும் போகும். புருஷனிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே வித்தை, சரக்கை இன்னதற்கென்று முடிவு செய்யாமல் கையில் வைத்திருப்பது.

அந்த நேரத்தில் கொல்லை வாசலில், "மீனேய்!" என்று குரல் கேட்டது. நாகப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வரும் எல்லையம்மாள்.

"ஏண்டி எல்லை, புரட்டாசி சனிக்கிழமையில மீனைத் தூக்கிட்டு வந்திருக்கியே, ஊரே பெருமாளுக்கு வெரதம்."

"என்ன பண்றது ஆச்சி, கடலுக்குப் புரட்டாசின்னு யாரும் சொல்லலையே. வலையப் போட்டா வருது." கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "சனிக்கெழமையில ராவுத்தர் தெருதான் நமக்குச் சோறு போடுது. தண்ணி குடுங்க. மூஞ்சி என்னா இப்புடி இருக்கு, சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே. என்ன வேணும்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க."

எல்லையம்மாள் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, சிரித்தாள்.

"நீங்க கேக்குறதே தப்பு ஆச்சி. 'என்னா மீனு வேணும்'னு நான் கேட்டேன்னா, 'என்னா இருக்கு'ன்னு என்னையே திருப்பிக் கேக்கும் ஜனம். இந்தக் கையில ஒரு சங்கரா, அந்தக் கையில ஒரு காலா. 'இதுவா, அதுவா?' அம்புட்டுதான். ஒண்ணைக் காட்டிருவாங்க."

"அப்பவும் காட்டலைன்னா?"

"கூடையத் தூக்கித் தலையில வச்சிருவேன். போறோம்னு தெரிஞ்சாத்தான் வாய் தெறக்கும்."

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ராவுத்தர் தெருப் பக்கம் போனாள். அம்சம் ஊறின பருப்பைக் கிளறிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்காமல் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வைரக்கண்ணு வில் வண்டியில் வந்து இறங்கினார். மீசைக்காரர், மீசையைத் தடவும் வேகத்தை வைத்தே அவர் மனதைச் சொல்லிவிடலாம். காத்தான் சைக்கிளில் வந்தான். நாற்பது வயது, சிவப்புத் துண்டு தோளில். இடுப்பில் கட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் இருந்தார்கள். இப்போது தோளில் இருப்பதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்கள். இராஜாங்கமும் அவனை முன்பெல்லாம் 'வாடா' என்றுதான் கூப்பிடுவார். சங்கம் வந்தபின் அது 'வா' ஆயிற்று. மில்லில் ஒரு நாள் மூட்டை தூக்க ஆளில்லாமல் போனபின் 'வாப்பா' ஆனது. 'வாங்க' வர இன்னும் இரண்டு வேலைநிறுத்தம் வேண்டும்.

"வாங்க மிராசு. வாப்பா காத்தான்."

கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றுக்கொன்று உயரம் கூடக் குறைய இல்லாமல் பார்த்துத்தான் போட்டிருந்தார் இராஜாங்கம். நடுவில் அவர் பெஞ்சில்.

பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

"உர விலை என்ன விக்குது தெரியுமா?" என்றார் வைரக்கண்ணு, காத்தானைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்து.

"அரிசி விலை என்ன விக்குது தெரியுமா?" என்றான் காத்தான், அதே விட்டத்தைப் பார்த்து.

"வானம் ஒரு மாதிரி இருக்கு" என்றார் இராஜாங்கம்.

"இருக்கட்டும்" என்றார்கள் இரண்டு பேரும்.

இப்படியே வெற்றிலைத் தட்டு ஒரு முறை காலியாகி, மறுபடி நிரம்பியது. அடுப்படியிலிருந்து அம்சம் கேட்டுக்கொண்டே இருந்தாள். சர்க்கார் சட்டம், காவிரியில் தண்ணீர் வந்த தேதி, யாரோ ஒரு மந்திரி வாக்குக் கொடுத்தது எல்லாம் வந்தது. 'அரை' மட்டும் வரவில்லை.

கடைசியில் இராஜாங்கம் தனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தார். தோளிலிருந்த துண்டை உதறினார்.

"வாயால சொல்ல வேணாம். விரலால சொல்லுங்க. துண்டைப் போடுறேன். ரெண்டு பேரும் கையக் குடுங்க. நான் பாக்கல, கேக்கல."

காத்தான் கையை நீட்டினான். வைரக்கண்ணு துண்டைப் பார்த்தார். துண்டுக்குக் கீழே நீட்டியிருந்த கையைப் பார்த்தார். துண்டுக்கடியில் விரலைப் பிடிக்க வேண்டும். அவருடைய கை பாதி தூரம் வந்தது. அப்புறம் திரும்பிப் போய் மீசையைத் தடவியது.

காத்தான் நீட்டிய கையை மெதுவாக எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான்.

எந்தெந்தச் சந்தையிலோ துண்டு போட்ட இராஜாங்கத்துக்கு, இந்த இரண்டு கையும் ஒரு துண்டுக்குள் போகாது என்பது நேற்று ராத்திரியே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நெல்லுக்கு விலை பேசும்போது கையின் சொந்தக்காரன் யார் என்று அவர் பார்ப்பதில்லை. மற்றவர்களும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். துண்டை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று எழுந்து உள்ளே வந்தார்.

அடுப்படியில் புகையைக் காணோம்.

"என்ன அடுப்பு அணைஞ்சிருக்கு?"

"பத்தவே வைக்கல."

"உச்சி சாய்ஞ்சிடுச்சு! மிராசு பசி தாங்க மாட்டாரு!"

"என்ன வைக்கணும்னு யாரும் சொல்லல."

"அதான் சொன்னேனே, ஏதாவது..."

"இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சோ, ஊற வச்ச பருப்பை அப்படியே உங்க தலையில கவுத்துருவேன்."

இராஜாங்கம் பின்வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, எப்படியோ பண்ணு. மிராசுக்கு உள்ள இலை போடு. அவனுக்கு மில் கொட்டாயில போட்டுடலாம்" என்றார்.

"ரெண்டு எடமா? எனக்குக் கை ரெண்டுதான். இங்க ஒரு நடை, கொட்டாய்க்கு ஒரு நடைன்னு என்னால ஆகாது. போடுறதுன்னா ஒரே எடம். இல்லைன்னா ஒருத்தருக்கும் கெடையாது."

சமத்துவம் பேசுகிற எண்ணம் அவளுக்கு அப்போது இல்லை. கால் வலித்தது. எண்ணம் எதுவானாலும், அவள் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே ஜெயா. அம்மா கூடத்துக்கு இப்படி வந்து அவள் பார்த்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் வணக்கம். அடுப்பு பத்த வைக்கல. என்ன சாப்புடுறீங்கன்னு சொன்னாத்தான் பத்த வைப்பேன்."

வைரக்கண்ணு பதறிப்போனார். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போய், எனக்கு இது வேண்டும் என்று கேட்பதா? "என்னம்மா இது, எது போட்டாலும் அமிர்தம்."

"அமிர்தம் வைக்க எனக்குத் தெரியாது. பருப்பு ஊறிக் கெடக்கு. ரெண்டே ரெண்டுதான். சாம்பாரா, உருண்டைக் கொழம்பா?"

வைரக்கண்ணு, காத்தான் சொல்லட்டும் என்று இருந்தார். காத்தான், அவர் சொல்லட்டும் என்று இருந்தான். இராஜாங்கம் பழக்கதோஷத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சரி. ஜெயா, இந்தப் பருப்பைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில கொட்டு."

பாத்திரம் ஜெயா கைக்குப் போனது. ஜெயா திரும்பினாள்.

"உருண்டைக் கொழம்பு ஆச்சி" என்றான் காத்தான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வைரக்கண்ணுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இந்தத் தடவை விட்டத்தை அல்ல.

"உங்க வீட்டுல ஒவ்வொரு அறுப்புக்கும் வைப்பாங்க. நான் மாடு மேய்க்கிற காலத்துலேருந்து தெரியும். களம் வரைக்கும் வாசனை வரும். வாசனை மட்டுந்தான் வரும்."

வைரக்கண்ணுவின் கை மீசைக்குப் போய், அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் இறங்கியது.

"உங்களுக்கு?" என்றாள் அம்சம்.

"அதுவே... அதுவே இருக்கட்டும்."

"பேரைச் சொல்லுங்க."

"உருண்டைக் கொழம்பும்மா! ஆளை விடு!"

அடுப்பு பற்றிக்கொண்டது. ஜெயா வெங்காயம் உரித்தாள். அம்சம் பருப்பை மிளகாய், சோம்போடு கரகரவென்று அரைத்து, உருண்டை பிடித்து, புளி கொதித்ததும் ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். வாசனை கூடத்துக்கு நடந்து போனது. அங்கே இராஜாங்கம் தன் மனத்தராசில் வேறொன்றை நிறுத்துக்கொண்டிருந்தார். காத்தான் முதலில் வாய் திறந்துவிட்டான். நாக்கில் இறங்கினவன் கூலியிலும் இறங்குவான். வைரக்கண்ணுவும் அதையேதான் நினைத்தார். மீசை ஓரம் ஒரு சிரிப்புக்கூட வந்தது.

அதைக் கரண்டியோடு வந்த அம்சம் பார்த்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க. சாப்பாட்டுல அவரு மொதல்ல சொல்லிட்டாரு. கூலியில நீங்கதான் மொதல்ல சொல்லணும்."

"இதென்ன தாயக்கட்டமா?"

"தாயக்கட்டத்துலயாவது முறைன்னு ஒண்ணு இருக்கு."

வைரக்கண்ணு இராஜாங்கத்தைப் பார்த்தார், உன் வீட்டுக்காரியை அடக்கு என்கிற மாதிரி. இராஜாங்கம் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு நியாயத்தைக் கண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு வியாபாரத்தில் அவன் முதலில் சொன்னால், அடுத்த வியாபாரத்தில் இவன் சொல்ல வேண்டும். அப்பா இதைச் சொல்லாமல் செத்துப்போய்விட்டாரே!

ஜெயா கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டாள். வைரக்கண்ணு இலைகளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ராஜாங்கம், இது வழக்கமில்லையே."

"வழக்கம் இல்லைன்னா நான் கெளம்புறேன்" என்று காத்தானும் எழுந்தான். "கொட்டாயில போட்டா நான் சாப்பிட மாட்டேன் ஆச்சி, இப்பவே சொல்லிடுறேன்."

"போன வருஷம் கோயில் சமபந்திக்கு மந்திரி வந்தப்ப எல்லாரோடயும்தானே உக்காந்தீங்க?" என்றாள் அம்சம் வைரக்கண்ணுவிடம். "பேப்பர்லகூட வந்துச்சு. மீசை நல்லா விழுந்திருந்துச்சு."

"அது போட்டோவுக்கு."

"இதையும் போட்டோவுக்குன்னு நெனச்சுக்குங்க. போட்டோ புடிக்கிறவன்தான் இல்லை."

ஜெயா களுக்கென்று சிரித்துவிட்டாள். வெளியே தூரத்தில் இடி உருண்டது. வைரக்கண்ணு வாசலைப் பார்த்தார். அவருடைய ஐந்து வேலி நிலமும் அந்த இடிக்குக் கீழேதான் கிடந்தது. இலை முன்னால் உட்கார்ந்தார். காத்தானும் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொம்பு.

அம்சம் சோற்றைப் போட்டாள். குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றவில்லை.

"சொல்லுங்க."

"காலு" என்றார் வைரக்கண்ணு. சொல்லிவிட்டுப் பல் பிடுங்கியவர் மாதிரி தாடையைத் தடவினார்.

"முக்கால்" என்றான் காத்தான் உடனே.

அவ்வளவுதான். காலுக்கும் முக்காலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்; சொல்லத்தான் ஆள் இல்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வெட்டாற்றுக்குத் தெற்கே மூன்று மா கதிர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடவுளே" என்றாள் அம்சம். "சேர்ந்து சொல்லுங்க. ஒருத்தருக்கும் தோல்வி இல்லை. ஜெயா, மூணு எண்ணு."

ஜெயா எண்ணினாள். மூன்று என்றதும் இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். மூச்சு மட்டும் வந்தது. மற்றவன் சொல்லட்டும் என்று ஆளுக்கு ஆள் காத்திருந்திருக்கிறார்கள்.

அம்சம் திரும்பினாள். சட்டி அடுப்படியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. சட்டிக்குள் உருண்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.

"அரை!"

இரண்டு குரல். எது முந்தி என்று இன்றைக்கு வரை ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது.

அம்சம் திரும்பி வந்து குழம்பை ஊற்றினாள். ஆளுக்கு மூன்று உருண்டை. கூடக் குறைய இல்லை. ஊற்றும்போதே சொன்னாள்: "தரகு ஒண்ணு பாக்கி."

"தரகா?" இராஜாங்கம் பெஞ்சிலிருந்து நிமிர்ந்தார். "தரகு எனக்குல்ல?"

"நீங்க ஏதாவதுன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தீங்கல்ல, ஏதாவது எடுத்துக்குங்க." காத்தான் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டுக் கையக் கழுவுனதும் மொத அரிவாள் என் வயல்ல எறங்கணும். மிராசு வயலுக்கு அப்புறம் போங்க."

காத்தான் வைரக்கண்ணுவைப் பார்த்தான். வைரக்கண்ணு இலையைப் பார்த்தபடி, "போ போ, மொதல்ல அவங்களுதை முடிச்சு விடு. இல்லைன்னா ராத்திரிக்கும் இங்கேயே உக்கார வச்சிரும்" என்றார்.

காத்தான் ஒரு உருண்டையை உடைத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தான். நிதானமாக மென்றான். எத்தனை வருஷத்து வாசனை அது. அம்சம் சட்டியோடு நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவளிடம் ஒரு ஆள் பேர் சொல்லிக் கேட்டு, அவள் வைத்த முதல் குழம்பு.

"எப்புடி இருக்கு?"

காத்தான் கொஞ்சம் யோசித்தான். "உப்பு ஒரு கல்லு கம்மி ஆச்சி."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் வைரக்கண்ணு.

பேரம் இல்லாமல், எண்ணச் சொல்லாமல், அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அம்சம் உப்புச் சாடியைக் கொண்டுவந்து இரண்டு இலைக்கும் நடுவில், சொம்புக்குப் பக்கத்தில், டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கையும் ஒரே சாடிக்குள் மாறி மாறிப் போய் வந்தன. துண்டு தேவைப்படவில்லை.

பொழுது சாய்வதற்குள் முப்பது அரிவாள் மூன்று மாவில் இறங்கியது. அம்சமும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றாள். கட்டுகள் மில் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது. வடகிழக்கு மூலையில் ஒரு பாத்தி மட்டும் நனைந்துவிட்டது, மற்றதெல்லாம் உள்ளே. நனைந்த மூலையை நினைத்து அவள் ஒரு மூச்சு விட்டாள். மற்றதை நினைத்து இன்னொரு மூச்சு விட்டாள். இரண்டாவது பெரியது.

முழங்கால் சேற்றோடு வீட்டுக்கு வந்தபோது இராஜாங்கம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். விருந்தாளிகள் போனபின் அவருக்கு மிஞ்சியது கொஞ்சம் குழம்பும் முழுப் பசியும்.

"ராத்திரிக்கு என்ன?" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

அவர் வாய் பழைய வழக்கத்தில் 'ஏ' என்று திறந்தது. அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. வெளியே மழை கூரையை அடித்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கிணற்றில் குதிக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"அடை."

ஜெயா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அம்சம் சேற்றுக் கையோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"பருப்பு முழுக்க மத்தியானமே உருண்டையாப் போயிடுச்சு" என்றாள். "மிச்சக் கொழம்புதான் இருக்கு. சோத்துல ஊத்தவா, தோசைக்குத் தொட்டுக்கவா?"

"ஏதா..." என்றார் இராஜாங்கம்.